வீட்டு முற்றத்தில் சைலன்சர் மாற்றுதல்: கொழும்பில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. முற்றத்தில் நிற்பது 1999ஆம் ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டர், 1.8 லீற்றர் எஞ்சின், இரண்டே இருக்கை, அடைமழையில் கூரையின் ஒரு மூலை ஒழுகும். அதன் புகைக்குழாயை நானே இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். முதல் தடவை நான்கு நாள் எடுத்தது. இரண்டாம் தடவை மூன்று மணித்தியாலம். இடையில் கற்றுக்கொண்டதைத் தெரிந்தவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லி வந்தேன். கேள்விகள் மாறுவதாக இல்லை. ஆகவே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் ரோட்ஸ்டரை வைத்தவை என்றாலும் டொயோட்டா 86, ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தப் பகுதியை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறோம்?

நாங்கள் முழுவதையும் சேர்த்துச் ‘சைலன்சர்’ என்று சொல்லிவிடுகிறோம். வாங்கப் போகும்போது அது போதாது. எஞ்சினிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: நான்கு சிலிண்டரின் புகையையும் ஒன்றாக்கும் மனிஃபோல்ட், அதன்பின் முன்குழாய், புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டர், நடுக்குழாய், கடைசியில் சைலன்சர் பெட்டி. கன்வேர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்றினால் அது கேட்-பேக். பின் அக்சிலைத் தாண்டியிருக்கும் பெட்டியை மட்டும் மாற்றினால் அக்சில்-பேக். வீட்டில் செய்யத்தக்கவை இந்த இரண்டும்தான். மனிஃபோல்ட்டைக் கழற்றப் போய் எஞ்சின் தலையில் ஒரு ஸ்டட் (நட் ஏறும், தலையில்லாத போல்ட்) முறிந்தால், கார் தானாக நகர்ந்து கராஜுக்குப் போகாது. அந்த வேலையை முற்றத்தில் தொடங்காதீர்கள்.

குதிரைவலு எவ்வளவு கூடும்?

டர்போ (புகையால் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) இல்லாத கார் என்றால், கூடுவதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஓட்டும்போது அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். டர்போ உள்ள காரின் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ விரைவாகச் சுழலத் தொடங்கும். அங்கே பெரிய குழாய்க்கு உண்மையான பலன் உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சும் உண்டு: ‘எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், அது குறைந்தால் இழுவை போய்விடும்’ என்பார்கள். பின்னழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து விரைந்து வெளியேறும் புகை தன் பின்னால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறிப் பெரிய குழாய் போட்டால் புகை சோம்பலாகி, அந்த இழுப்புக் கெடும். பழி மட்டும் பின்னழுத்தத்தின் தலையில் விழுகிறது. 1.8 லீற்றர் எஞ்சினுக்கு 57 முதல் 63 மில்லிமீற்றர் விட்டம் தாராளம். மூன்று அங்குலக் குழாயை ஒருவர் உங்களிடம் தள்ளப் பார்த்தால், அது அவரிடம் நீண்ட நாள் விற்காமல் கிடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதற்கு மாற்றுவது?

சத்தத்துக்காக. சில கிலோ எடை குறைவதற்காக. இருபத்தைந்து வயதுக் காரில், பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதற்காக. எனக்கு மூன்றாவது காரணம். வீட்டில் அப்படித்தான் சொன்னேன்.

புதியதா, ஜப்பானில் கழற்றிய பழையதா? எங்கே பார்ப்பது?

பழையது என்றால் பஞ்சிகாவத்தை. ஜப்பானில் வெட்டிப் பிரித்த கார்களின் பாகங்கள் வந்து சேரும் இடம் அது. நல்ல ஜப்பானியச் சைலன்சர் ஒன்று கதவுகளுக்கும் ரேடியேட்டர்களுக்கும் அடியில் கிடக்கக்கூடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பழைய காரையே தைத்துப் போட்டு ஓட்டியதால் நல்ல சாமான் சும்மா கிடைக்கும் காலம் போய்விட்டது. ஆனாலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கிறது.

கையில் ஒரு சிறு காந்தத்தை வைத்துக்கொண்டு போங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற பொம்மைக் காந்தமே போதும். நன்றாக ஒட்டினால் அது 409 ரகத் துருப்பிடிக்கா எஃகோ சாதாரண இரும்போ. கடற்காற்றில் நெடுநாள் நிற்காது. ஒட்டாவிட்டால் 304 ரகமாக இருக்கலாம். குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள, மரைன் டிரைவ் உப்புக்காற்றைத் தாங்குகிற எஃகு. ‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம், மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304 கூட இலேசாக ஒட்டும். ஆகவே நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள், அதன்பின் வெல்டிங்கைப் பாருங்கள். சீரான சிறு அலைகளாக ஓடும் வெல்டிங் ஒருவர் நிதானமாகச் செய்த வேலை. புழுப் புழுவாகப் பிதுங்கி நிற்பது, பிரபலமான பெயரைப் பொறித்த போலி.

பெட்டியைத் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம். பின்வாயில் விரலை விட்டுப் பாருங்கள். கண்ணாடி நார் துணுக்குகளாகக் கையில் வந்தால் உள் அடைப்பு எரிந்து முடிந்துவிட்டது, சத்தம் கட்டுக்கடங்காது. பொருத்தும் கம்பிகள் உங்கள் கார் மாதிரிக்கு உரியனவா என்பதை அளந்தே வாங்குங்கள். ‘எல்லாம் ஒன்றுதான், வளைத்துப் போடலாம்’ என்ற பேச்சை நம்பி நான் ஒரு தடவை வளைத்தேன். வளைத்தது திரும்பவும் நிமிர்ந்து வந்து பம்பரைத் தொட்டது.

ஜாஸ்மா என்று பொறித்த தகடு இருந்தால் ஒரு நிம்மதி. ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் மஃப்ளர் தயாரிப்பாளர் சங்கத்தின் முத்திரை அது. ஜப்பானின் சத்த வரம்புக்குள் வரும் வகையில் செய்யப்பட்டது என்று பொருள். நான் இரண்டாவது தடவை வாங்கியது அந்தத் தகடு உள்ளதுதான். மகன் ‘இது போதாது’ என்றான். மாமியார் ‘இதுவே கூட’ என்றார். நடுவில் நின்று பார்த்தால் சரியான அளவு என்றே படுகிறது.

சத்தம் எவ்வளவு வரை பொறுக்கலாம்?

கார் ஓட்டுகிறவருக்கும் ஒழுங்கையில் இருப்பவருக்கும் கேட்பது ஒரே சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடுவில் பத்தடி அகலம். நம் ஒழுங்கைகள் ஒவ்வொன்றும் ஒரு நாதசுரம்தான். அதிகாலை நான்கரை மணிக்கு விமான நிலையம் போவதற்கு ஸ்டார்ட் செய்தால், குளிர்ந்த எஞ்சின் முதல் ஒரு நிமிடம் வேகம் கூட்டியே ஓடும். அந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் அயல்வீட்டார் உங்களை எடை போடுவார்கள். எங்கள் எதிர்வீட்டு ஐயா முதல் சைலன்சரைப் போட்டபின் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் கலியாணத்துக்கு அழைப்பிதழ் மட்டும் வந்தது. கார் வேண்டாம், நடந்து வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இன்னொரு தொல்லை காருக்குள்ளே. ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டும் ‘ம்ம்ம்’ என்று மண்டைக்குள் இறங்கும் முழக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் செக்கனுக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹேர்ட்ஸ் ஒலி. பின் பம்பரிலிருந்து முன் கண்ணாடி வரை அந்த ஒலிக்கு எல்லாமே அதிரும். இப்போது கணக்குப் போடுங்கள்: ஐந்து கியர் ரோட்ஸ்டர், தெற்கு அதிவேகப் பாதையில் அனுமதிக்கப்பட்ட 100 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்தாம் கியரில் போகும்போது எஞ்சின் 3,000ஐச் சற்றுத் தாண்டி ஓடுகிறது. கொட்டாவையில் ஏறிக் காலி வரை அந்த முழக்கத்தோடு போனேன். மனைவி களுத்துறையைத் தாண்டும் முன்பே காதில் பஞ்சு வைத்துவிட்டார்.

ஆகவே கடை வாசலில் நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பதில் பயனில்லை. அதே சைலன்சர் பொருத்திய காரில் ஏறி, 2,500க்கும் 3,500க்கும் இடையில் ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் போய்ப் பாருங்கள். முழக்கத்தை விழுங்குவதற்கு ஒருபக்கம் அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைக்கும் வழியும் உண்டு. ஆனால் 100 ஹேர்ட்ஸுக்கு அதன் நீளம் ஒரு மீற்றருக்கு மேல் வர வேண்டும். சின்னக் காருக்கு அடியில் இடமில்லை. நடுக்குழாயில் இன்னொரு சிறு பெட்டி உள்ள கேட்-பேக்கை வாங்குவதே லேசு.

பொலிஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம். 2025இல் சத்தம் கூட்டிய சைலன்சர்களுக்கும் வேறு மாற்றங்களுக்கும் எதிராகப் பொலிஸார் நாடு முழுவதும் சோதனையில் இறங்கினார்கள். வீதியில் அளவுகருவி எடுக்கப்படுவதற்கு முன்னர் அதிகாரியின் காதுதான் அளக்கிறது. அந்தக் காது திரும்பாத அளவில் இருப்பதே உங்கள் பாதுகாப்பு. பெட்டியை அடியோடு கழற்றிவிட்டு வெறுங்குழாயோடு ஓட்டுகிறவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். உங்கள் காரில் எது மாற்றமாகக் கருதப்படும் என்ற சந்தேகம் இருந்தால் நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் காரில் வைத்திருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். விபத்துக்குப் பிறகு தொடங்கும் வாதத்தை அது மிச்சப்படுத்தும்.

கன்வேர்ட்டரையும் கழற்றிவிடலாமா?

வேண்டாம். 2008 முதல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பின்வாயில் குழாயைச் செருகிக் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கிறார்கள். கன்வேர்ட்டர் இல்லாத பெற்றோல் காரின் வாடையை, சிவப்பு விளக்கில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர் முதலில் கண்டுபிடிப்பார். தவிர, அதற்குள் இருப்பது பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும். ‘இந்தப் பழைய டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் அன்போடு முன்வருவதன் காரணம் அதுதான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ட்ராலி ஜாக் ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் நான்கு, ஆறு முனை சொக்கட்டுகள் (ஜப்பானியக் காரில் பெரும்பாலும் 12, 14, 17 மில்லிமீற்றர்), நீண்ட கைப்பிடி, துருவுக்குள் ஊறும் எண்ணெய், கம்பித் தூரிகை, புதிய கேஸ்கட்டுகள் (இணைப்புகளின் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுகள்), புதிய நட்டும் போல்ட்டும், கண்ணுக்கு மூடிய கண்ணாடி. கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்; மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டும்போது அது விழ வேறிடமில்லை.

நட், போல்ட், துளையிடும் அலகு எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் வாங்கலாம். வெள்ளி மதியம் போகாதீர்கள், ஜும்ஆ நேரம். 12 முனை சொக்கட்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். துருப்பிடித்த நட்டின் மூலைகளை அது சீவிவிடும்.

காரை எப்படித் தூக்கி நிறுத்துவது?

ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கடியில் தலையை வைக்காதீர்கள். ஜாக்கின் எண்ணெய் முத்திரை எப்போது விட்டுக்கொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சுவர் கட்டும் கல் பரவிய பாரத்தைத் தாங்கும். ஒரு புள்ளியில் அழுத்தும் பாரத்தில் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்பு வளைந்து எச்சரிக்கும், கல் எச்சரிக்காது.

தரை சமமாக இருக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் வடிகாலுக்காக வாசல் பக்கம் சரிவு உண்டு. ஆகவே காரை வீட்டோடு ஒட்டிய சீமெந்துப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தார் போட்ட இடத்தில் மதிய வெயிலில் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும். தடித்த ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடியில் போடுங்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் தடை வைத்த பிறகே பின்பக்கத்தைத் தூக்குங்கள். ரோட்ஸ்டரில் பின்பக்கத்தைப் பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள டிஃபரென்ஷல் பெட்டியின் அடியிலும் முன்பக்கத்தை எஞ்சினுக்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டத்திலும் ஜாக் வைத்துத் தூக்கலாம். ஸ்டாண்டுகள் பக்கவாட்டு விளிம்பில் கார்க் கம்பனி பலப்படுத்தி வைத்த இடங்களில்தான் உட்கார வேண்டும். வேறு காருக்கு அதன் கைநூலைப் பாருங்கள்.

நிறுத்தியபின் காரை இரு கையாலும் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரம் இருந்தால் அதையும் காருக்கடியில் தள்ளி வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் ‘நான் காருக்கடியில் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் இதைச் செய்வதானால் காலை ஆறரைக்கே தொடங்குங்கள். பிற்பகல் இடிமழை கேட்டுக்கொண்டு வராது.

நட் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதல் தடவை நான்கு நாள் போன கதையும் இதுதான்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் அது எந்த ஊரில் ஓடியது என்பது முக்கியம். ஹொக்கைடோ போன்ற பனி கொட்டும் இடங்களில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கப்பலேறி நம்மோடு வந்து, இங்கே கடற்காற்றில் தன் வேலையைத் தொடர்கிறது. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி நின்ற நட்டும் போல்ட்டும் கடைசியில் ஒரே இரும்பாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் எண்ணெய் தெளித்துப் பத்து நிமிடம் பொறுத்தேன். பத்து நிமிடம் மிக நீண்ட பொறுமை என்று அப்போது நினைத்தேன். 12 முனை ஸ்பானரால் முறுக்கினேன், மூலை வழுக்கியது. ஸ்பானரின் வாலில் இரும்புக்குழாயைச் செருகி முழு உடல் பாரத்தையும் கொடுத்தேன். ‘டக்’ என்றது. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன், ஸ்டட் முறிந்திருந்தது. மறுநாள் ஞாயிறு. அதற்கு மறுநாள் போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போய், வரும் வழியில் அலகு வாங்கி வந்து, இரவு பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் துளையிட்டேன்.

இரண்டாம் தடவை செய்தது இது. வேலைக்கு மூன்று நாள் முன்னரே தினமும் மாலையில், புகைக்குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின், ஒவ்வொரு நட்டின் அடியிலும் எண்ணெய் விட்டேன். கொதிக்கும் குழாயில் தெளிக்கக் கூடாது; பற்றிக்கொள்ளும். வேலை நாளன்று கம்பித் தூரிகையால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் துலக்கினேன். நட் ஏறி வர வேண்டிய வழி அதுதான், அங்கே துரு இருந்தால் நடுவழியில் இறுகும். ஆறு முனை சொக்கட்டைச் சுத்தியலால் தட்டி முழுதாக உட்கார வைத்தேன். பிறகு, கழற்றும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை. துருவின் பிடி உடைவது அந்த மயிரிழையில்தான். அடுத்து கால் சுற்றுக் கழற்று, திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, அரைச் சுற்றுக் கழற்று. நான்கு நட்டும் முறியாமல் வந்தன. கடைசி நட் வந்தபோது எதிர்வீட்டு ஐயாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

நெருப்பு வைத்துச் சூடாக்கலாமா என்றால், கராஜில் அதுதான் செய்வார்கள், பலனும் உண்டு. முற்றத்தில் நான் செய்யமாட்டேன். பெற்றோல் குழாய்களும் பிரேக் குழாய்களும் அருகிலேயே ஓடுகின்றன. நீங்களோ மூன்று நாளாக எண்ணெய் தெளித்து வைத்திருக்கிறீர்கள்.

முறிந்தே போனால் அழ வேண்டாம். நீட்டி நிற்பதை அறுத்துச் சமமாக்கி, நடுவில் ஆணிக்குறி இட்டு, சிறிய அலகில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். கோபால்ட் கலந்த அலகு, மெதுவான சுழற்சி, சொட்டுச் சொட்டாக எண்ணெய். துளை முழுதாகத் திறந்ததும் ஸ்டட்டுக்குப் பதில் 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கலாம். அடுத்த தடவை கழற்றவும் அதுவே வசதி.

ரப்பர் வளையங்களிலிருந்து குழாயை எடுக்க முடியவில்லை.

சவர்க்காரத் தண்ணீர். கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ போடாதீர்கள், ரப்பர் ஊதிக் கெடும். வெடித்த வளையங்களை இப்போதே மாற்றுங்கள். கடைசி வளையத்தைக் கழற்றும் முன் பெட்டிக்கடியில் ஜாக்கையோ ஒரு ஆளையோ வைத்திருங்கள். பெட்டி பாரமானது, நெஞ்சில் விழும்.

புதியதைப் பொருத்தும்போது எதை முதலில் இறுக்குவது?

எதையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் பூட்டி, குழாயை முழு நீளத்துக்கும் தொங்கவிட்டு, பின்னால் போய் நின்று பாருங்கள். பம்பரின் வளைவுக்கு நடுவில் வாய் நிற்கிறதா, ஒருபக்கம் சாய்கிறதா? முன்னால் ஒரு பாகை திரும்பினால் பின்னால் இரண்டு விரல் விலகும். திருப்தியானபின் முன்னிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். சரியான முறுக்கு அளவு கைநூலில் இருக்கும். புகைக்குழாயின் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 40 முதல் 50 நியூற்றன் மீற்றர் வரை சொல்வார்கள். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடுவது மிச்சம் பிடிப்பதாகாது, இரண்டாம் தடவை படுப்பதற்கு நாள் குறிப்பதாகும். மரைகளில் செம்புப் பசை தடவுங்கள்.

பம்பருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். எஃகு சூட்டில் நீளும்: இரண்டு மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். நிற்கும்போது தொடாத குழாய், காலி வீதி நெரிசலில் அரை மணி நின்றபின் பம்பரை உருக்குவது இதனால்தான்.

ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் மதுசாரம் நனைத்த துணியால் துடையுங்கள். விரல் ரேகை எண்ணெய் சூட்டில் வெந்து நிரந்தரக் கறையாகும். என் சைலன்சரில் இடது கைப் பெருவிரல் அடையாளம் இன்றும் இருக்கிறது. அடையாள அட்டைக்கே பயன்படுத்தலாம்.

புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சரைக் கழற்ற வேண்டுமா? எஞ்சின் கணினியைத் திருத்த வேண்டுமா?

கேட்-பேக் மட்டும் என்றால் இரண்டும் பெரும்பாலும் வேண்டியதில்லை. கன்வேர்ட்டருக்குப் பின்னால் ஒரு சென்சர் இருந்து அது குறுக்கே நின்றால், 22 மில்லிமீற்றர் பிளவு சொக்கட்டால் எடுங்கள். அதன் மூக்கில் எந்தப் பசையும் படக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டில் புகை வருகிறது, வாடையும் வருகிறது.

தொழிற்சாலை எண்ணெய் எரிகிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் நிற்கும். நிற்காவிட்டால், குழாயில் எங்கோ துணி ஒட்டியிருக்கிறது.

கசிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூடேறினால் இரும்பு விரிந்து சிறு கசிவுகள் மூடிக்கொள்ளும், பிறகு கண்டுபிடிப்பது கடினம். ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு கூடும் சத்தமும் கசிவுதான்.

சென்சருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எஞ்சினுக்குக் காற்றுக் கூடிவிட்டது என்று கணினி ஏமாந்து பெற்றோலைக் கூட்டும். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் தரிப்பிடத்திலோ கதவு மூடிய கராஜிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். காரை முற்றத்துக்கோ வீதிக்கோ தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டும்போது தலையிடி வந்தால் கண்ணாடியை இறக்கி, காரை நிறுத்தி, இறங்கிவிடுங்கள்.

நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடியபின் குளிர்ந்த நிலையில் எல்லா நட்டையும் ஒரு தடவை திரும்ப இறுக்குங்கள். என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன.

வேகத்தடையில் தட்டுகிறது.

நடுக்குழாயின் தாழ்ந்த புள்ளியைத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். பழையதைவிடத் தாழ்ந்திருந்தால் இறுக்கமான ரப்பர் வளையம் கொஞ்சம் உதவும். ஒழுங்கை வாசல்களில் அவரவர் சொந்தமாகக் கட்டிய வேகத்தடைகளுக்கு மட்டும் எந்த வளையமும் உதவாது. குறுக்காக ஏறி இறங்கப் பழகுங்கள். மழைவெள்ளத்தில் குழாயின் வாய் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் அந்த வீதியில் போகாதீர்கள்.

இதெல்லாம் கேட்டபின் பயமாக இருக்கிறது. கராஜில் கொடுத்துவிடட்டுமா?

சமதரை இல்லை, ஸ்டாண்ட் இல்லை, திங்கட்கிழமை காலை கார் கட்டாயம் வேண்டும் என்றால், கொடுங்கள். வெல்டிங் வேண்டியிருந்தாலும் கொடுங்கள். நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் தூக்குமேடையில் இது ஒரு மணி வேலை. ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் நிற்காத ஒரு நாளில், என்னுடைய புதிய கேஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படாமலே பின் இருக்கைக்கு வந்து சேர்ந்தது. ரோட்ஸ்டரில் பின் இருக்கை இல்லை என்பதால் இது நண்பரின் காரில் நடந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

பழைய சைலன்சரை என்ன செய்வது?

ஓட்டை விழாததாக இருந்தால் விற்காதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் போடாதீர்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் அதைக் கேட்பார். பழையபடி மாற்றச் சொல்லிப் பொலிஸ் கடிதம் கொடுத்தாலும் அதுதான் வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, இணைப்பு முகங்களில் எண்ணெய் தடவி, இரு வாயையும் துணியால் அடைத்து வையுங்கள். அடைக்காவிட்டால் எலி குடிவரும். எங்களுடையது மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. போன தைப்பொங்கலுக்கு வீடு கழுவியபோது மனைவி அதை ஒரு தடவை வெளியே வைத்தார். நான் திரும்ப உள்ளே வைத்தேன்.